வெட்டும் ஒட்டும்: காதல் படங்களில் கண்ணில் பட்ட பிழைகள்

காதல் நகைச்சுவைப் படங்களில்தான் கன்டின்யூட்டி பிழைகள், அதாவது ஒரு ஷாட்டில் இருந்தது அடுத்த ஷாட்டில் மாறிப்போகும் தொடர்ச்சிப் பிழைகள், சட்டென்று கண்ணில் படும் என்று சென்ற இதழில் போகிற போக்கில் எழுதியிருந்தேன். துப்பாக்கிச் சண்டையில் யாரும் சட்டைப் பொத்தானைப் பார்ப்பதில்லை. இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து பேசிக்கொண்டே இருந்தால், மேசைமேல் என்ன இருக்கிறது என்று கண் அலையத்தானே செய்யும்! அந்த ஒரு வரிக்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று நினைக்கவில்லை. இந்த இதழ் முழுக்க அதற்கே.

கேள்வி (திருநெல்வேலி வாசகி): 'பிரெட்டி உமன்' படத்தில் காலை உணவுக் காட்சி. ஜூலியா ராபர்ட்ஸ் கையில் முதலில் குரோசான் ரொட்டி இருக்கிறது. அடுத்த ஷாட்டில் அது பேன்கேக் ஆகிவிடுகிறது. அந்தப் பேன்கேக்கில் கடித்த அளவும் ஷாட்டுக்கு ஷாட் மாறுகிறது. அவ்வளவு பெரிய படத்தில் இதைக்கூடவா கவனிக்கவில்லை?

பதில்: கவனிக்காமல் இருந்திருக்க மாட்டார்கள் அம்மா. பார்த்துவிட்டு, போகட்டும் என்று விட்டிருப்பார்கள் என்பதே என் ஊகம்.

அந்தக் காட்சி எடிட்டரின் மேசைக்கு எந்த நிலையில் வந்து சேரும் என்று சொல்கிறேன். ஹோட்டல் அறை, இரண்டு பேர், பேச்சு. முதலில் இருவரும் தெரியும்படி மாஸ்டர் ஷாட். பிறகு அவள் பக்கம் க்ளோசப். அப்புறம் விளக்குகளை எல்லாம் இடம் மாற்றி அவன் பக்கம் க்ளோசப். நடுவே தோளுக்கு மேலிருந்து சஜஷன் ஷாட். ஒவ்வொன்றையும் திரும்பத் திரும்ப எடுப்பதில் பல டேக். திரையில் சில நிமிடங்கள் ஓடும் காட்சிக்கு ஒரு பகல் முழுக்கப் போய்விடும். அந்தப் பகல் முழுக்க நடிகை கடித்துக்கொண்டும் மென்றுகொண்டும் பேச வேண்டும். ரொட்டி தீரும், வேறு வரும், நடிகைக்கே அலுத்துப்போகும். கடைசியில் எடிட்டர் முன்னால் வந்து நிற்பது என்ன? ரொட்டி பொருந்துகிற, ஆனால் முகம் சோர்ந்திருக்கிற ஒரு டேக். ரொட்டி பொருந்தாத, ஆனால் முகத்தில் விளக்கேற்றினாற்போன்ற இன்னொரு டேக். 1990இல் அந்தப் படத்தைப் பார்க்கப் போனவர்கள் எதற்காகப் போனார்கள்? அந்தச் சிரிப்புக்காக. இயக்குநர் காரி மார்ஷலுக்கு அது தெரியாதா?

வால்டர் மர்ச் என்று ஓர் எடிட்டர், 'தி இங்கிலிஷ் பேஷன்ட்' படத்துக்காக ஆஸ்கர் வாங்கியவர். ஒரு ஷாட்டிலிருந்து அடுத்ததற்குத் தாவும் வெட்டை எதை வைத்துத் தீர்மானிப்பது என்பதற்கு நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டு வைத்திருக்கிறார். உணர்ச்சிக்கு 51. கதைக்கு 23. தாளத்துக்கு 10. பார்ப்பவர் கண் திரையில் எங்கே நிற்கிறது என்பதற்கு 7. திரையின் தட்டைப் பரப்பில் திசை புரளாமல் இருப்பதற்கு 5. யார் எங்கே நிற்கிறார், எது எங்கே இருக்கிறது என்ற இடத் தொடர்ச்சிக்குக் கடைசியாக 4. கையில் இருக்கும் ரொட்டிக்கு அந்த 4இல் எவ்வளவு கிடைக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

எடிட்டராக நான் வெட்டிய ஒரு குடும்பப் படத்தில் பெண் பார்க்க வரும் காட்சி உண்டு. மாப்பிள்ளை தனியாகப் பேச வேண்டும் என்று கேட்டு, தனக்கு இந்தக் கல்யாணத்தில் விருப்பமில்லை என்று சொல்லிவிடுகிறான். அவள் கையில் டவரா டம்ளர். ஒரு டேக்கில் காபியின்மேல் நுரை நிற்கிறது. முந்தைய ஷாட்டில் நுரை அடங்கி, டம்ளரின் உள்பக்கம் பழுப்பு வளையம் காய்ந்திருக்கிறது. உதவி இயக்குநர் அதைச் சரியாகவே பிடித்தார். வேறு டேக் போடச் சொன்னார். ஆனால் நுரை நின்ற அந்த டேக்கில் மட்டும், பதில் சொல்வதற்கு முன் அந்தப் பெண் டவராவின் விளிம்பை ஒருமுறை விரலால் துடைத்தாள். யாரும் சொல்லிக்கொடுக்காதது. வேறு எந்த டேக்கிலும் அது இல்லை. நுரையோடு வைத்துக்கொண்டோம். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் வைப்பேன்.

கேள்வி (சேலம் வாசகர்): அப்படியானால் கன்டின்யூட்டி பார்க்கும் ஆளே தேவையில்லை என்கிறீர்களா?

பதில்: ஐயையோ, அப்படிச் சொல்லிவிட்டு நான் சினிமாக்காரர்கள் நிறைந்த சாலிகிராமம் பக்கம் தலைகாட்ட முடியாது. அவர் ஒழுங்காகக் குறித்து வைத்தால்தான் எடிட்டருக்குத் தேர்ந்தெடுக்கும் வசதியே கிடைக்கிறது. எல்லா டேக்கும் பொருந்தினால் நல்லதை எடுக்கலாம். எதுவுமே பொருந்தாவிட்டால் கிடைத்ததை எடுக்க வேண்டியதுதான்.

ஹாலிவுட்டில் இதற்கென்றே ஸ்கிரிப்ட் சூப்பர்வைசர் என்று தனி ஆள் உண்டு. நம் யூனிட்களில் பெரும்பாலும் உதவி இயக்குநர்களில் ஒருவர் தலையில் இது விழும். முன்பெல்லாம் போலராய்டு கேமராவில் படம் பிடித்து ஃபைலில் ஒட்டி வைப்பார்கள். இப்போது கைப்பேசி இருக்கிறது. எந்தக் கையில் கடிகாரம், சட்டைக்கை எத்தனை மடிப்பு, பொட்டு புருவத்துக்கு எவ்வளவு மேலே, முந்தானை எங்கே செருகியிருக்கிறது, எல்லாம் எழுத வேண்டும். எந்த வார்த்தையைச் சொல்லும்போது டம்ளரை எடுத்தார், எந்த வார்த்தையில் கீழே வைத்தார் என்பது அதைவிட முக்கியம். அங்கேதான் எடிட்டர் வெட்டுவார்.

மல்லிகைப்பூ இருக்கிறதே, அது தனித் தலைவலி. காலையில் மொட்டாக வைத்த சரம் மதியத்துக்குள் விரிந்து, விளக்குச் சூட்டில் மாலைக்குள் வாடிவிடும். படத்தில் அந்தக் காட்சியின் நேரமோ ஐந்து நிமிடம். அதனால் ஒரே அளவில் பல சரம் வாங்கி ஈரத்துணியில் சுற்றி வைத்து, மாற்றிக்கொண்டே இருப்பார்கள்.

கேள்வி (பெயர் வேண்டாம் என்ற மதுரை வாசகர்): 'பிரெட்டி உமன்' போஸ்டரில் ரிச்சர்ட் கியரின் தலைமுடி கறுப்பு. படத்தில் நரை. எது பிழை?

பதில்: போஸ்டர். முடி மட்டும்தானா? அதில் ஜூலியா ராபர்ட்ஸ் முகத்துக்குக் கீழே இருக்கும் உடலே வேறொருவருடையது.

கேள்வி (தஞ்சாவூர் வாசகர், வரலாற்று ஆசிரியர்): 'கேட் அண்ட் லியோபோல்ட்' படத்தைத் தொலைக்காட்சியில் பார்த்தேன். 1876ஆம் ஆண்டைச் சேர்ந்த பிரபு காலத்தைத் தாண்டி இன்றைய நியூயார்க்குக்கு வந்து காதலில் விழுகிறார். கற்பனைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவருடைய குடும்பப் பெயர் மவுண்ட்பேட்டன் என்றதும் நான் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். நான் நினைப்பது சரியா?

பதில்: ஆசிரியரே, நீங்கள் நினைப்பது நூற்றுக்கு நூறு சரி. நம் கடைசி வைஸ்ராய் மவுண்ட்பேட்டன் 1900இல் பிறந்தபோது அவர் பெயர் மவுண்ட்பேட்டன் இல்லை, பேட்டன்பெர்க். ஜெர்மானியப் பெயர். முதல் உலகப் போரில் ஜெர்மனி என்றாலே இங்கிலாந்தில் கல்லெறியும் நிலை வந்ததால், 1917இல் அவருடைய தந்தை அதை ஆங்கிலப்படுத்தி மவுண்ட்பேட்டன் ஆக்கினார். ஆக, 1876இல் அப்படி ஒரு குடும்பப் பெயரே பூமியில் கிடையாது. போதாததற்கு நம் கதாநாயகர் ஆல்பனி கோமகன் வேறு. விக்டோரியா ராணியின் மகன்களில் லியோபோல்ட் என்றே ஒருவர் இருந்தார். அவருக்கு அந்தப் பட்டம் கிடைத்ததும் 1881இல்தான்.

நீங்கள் ஒன்றைப் பிடித்தீர்கள். அந்தப் படத்தில் எனக்கு மிகவும் பிடித்த பிழை வேறு. கதாநாயகி கேட்டின் மேலதிகாரி அவளைக் கவர்வதற்காக, 'லா போஹேம்' என்ற இசை நாடகத்தைக் கரைத்துக் குடித்தவர்போலப் பேசுவார். லியோபோல்ட் குறுக்கிட்டு, அதில் வரும் நாயகன் பெயர்கூட உங்களுக்குத் தெரியவில்லையே என்று நாசூக்காக மானத்தை வாங்குவார். அரங்கமே கைதட்டும் இடம். பொய்யான படிப்பை மெய்யான படிப்பு தோற்கடிக்கிறது! ஆனால் இசையமைப்பாளர் புச்சினியின் அந்த நாடகம் இத்தாலியின் தூரின் நகரில் முதன்முதலாக மேடையேறியது 1896இல். லியோபோல்ட் கிளம்பி வந்த 1876இல் புச்சினிக்கு வயது 17. பொய் சொன்ன மேலதிகாரியாவது அந்த நாடகத்தைப் பார்த்திருக்க வழியுண்டு. லியோபோல்டுக்கு அந்த வழியே இல்லை. இந்த நாடகத்துக்கு மூலமான பிரெஞ்சுக் கதைகளை எழுதியவர் ஆன்ரி முர்ஜே. அவை 1851லேயே புத்தகமாக வந்துவிட்டன. அந்தப் புத்தகத்தைப் படித்திருப்பதாக ஒரு வரி வசனம் வைத்திருந்தால் காட்சி அப்படியே நின்றிருக்கும், பிழையும் போயிருக்கும். எழுதியவர்களுக்கு அந்த ஒரு வரிக்கான பொறுமை இல்லை. 'பைரேட்ஸ் ஆஃப் பென்சான்ஸ்' என்ற இன்னோர் இசை நாடகத்தின் கதையும் இதுதான். அது மேடை ஏறியது 1879 டிசம்பர் கடைசியில். லியோபோல்டுக்கு அதுவும் தெரிந்திருக்கிறது.

அடுத்தது லிப்ட். படத்தின்படி லியோபோல்ட்தான் லிப்டைக் கண்டுபிடிக்கப் போகிறவர். அவர் காலம் தாண்டி வந்துவிட்டதால் இன்றைய நியூயார்க்கில் லிப்டுகள் நின்றுபோகின்றன. அவருடைய மாளிகைப் பணியாளர் பெயர் ஓட்டிஸ் என்று வைத்து, தெரிந்தவர்களுக்குக் கண்ணடிக்கிறார்கள். உண்மையில் எலிஷா ஓட்டிஸ், கயிறு அறுந்தாலும் விழாத தன் லிப்டை நியூயார்க் கண்காட்சி அரங்கில் செய்து காட்டியது 1854இல். மேடையில் தானே ஏறி நின்றுகொண்டு கயிற்றை வெட்டச் சொன்னார் மனிதர். 1857இல் அதே நகரின் பிராட்வே கடை ஒன்றில் ஆட்கள் ஏறும் லிப்ட் ஓடத் தொடங்கிவிட்டது. 1861இல் ஓட்டிஸ் காலமாகிவிட்டார். இதை நான் பிழைக் கணக்கில் சேர்க்கமாட்டேன். வேண்டுமென்றே செய்த குறும்பு. குறும்புக்குத் தேதி கேட்கக் கூடாது.

ஆனால் தொடக்கத்தில் வரும் புரூக்ளின் பாலக் காட்சியை என்னால் மன்னிக்க முடியவில்லை. 1876இல் கட்டி முடியாத பாலத்தின் அருகே, அதை வடிவமைத்த ஜான் ரோப்ளிங் கூட்டத்தின் முன் நின்று சொற்பொழிவு செய்கிறார். ரோப்ளிங் 1869லேயே இறந்துவிட்டார். பாலத்துக்காக இடம் அளந்துகொண்டிருந்தபோது படகு மோதிக் கால் நசுங்கி, டெட்டனஸ் கண்டு, ஜூலை மாதம் போய்ச் சேர்ந்தார். கட்டுமானம் தொடங்கியதே அடுத்த ஆண்டு. மகன் வாஷிங்டன் ரோப்ளிங் பொறுப்பேற்றார். ஆற்றின் அடியில் காற்றழுத்த அறைகளில் இறங்கி இறங்கி வேலை பார்த்ததில் அவரும் நோயில் படுத்துவிட்டார். அப்போது அவருடைய மனைவி எமிலி கணிதமும் கட்டுமான நுட்பமும் படித்து, படுக்கையில் இருந்த கணவருக்கும் பாலத்துப் பொறியாளர்களுக்கும் நடுவே ஆண்டுக்கணக்கில் நடந்தார். கணவரின் கட்டளைகளை அங்கே கொண்டுபோவார். அங்கிருந்து கேள்விகளை இங்கே கொண்டுவருவார். 1883இல் பாலம் திறந்தபோது முதலில் அதைக் கடந்துபோனவர் அந்த அம்மாள்.

சொல்லுங்கள், 1876இல் நடக்கும் காதல் படத்துக்கு இதைவிட என்ன வேண்டும்? செத்துப்போன மாமனாரை எழுப்பி நிறுத்திச் சொற்பொழிவு செய்ய வைத்தவர்களுக்கு, உயிரோடு இருந்த மருமகள் கண்ணில் படவில்லை. வருஷம் தப்பினால் எனக்கு ஒன்றுமில்லை. கைக்கெட்டிய நல்ல கதையைத் தள்ளிவிட்டுத் தப்பினால் வயிறு எரிகிறது.

எடிட்டர் என்ற முறையில் இன்னொன்று. இந்தப் படம் 2001 டிசம்பரில் வெளியாவதற்குச் சற்று முன் சில நிமிடங்களை வெட்டினார்கள். கேட்டின் பழைய காதலன் ஸ்டுவர்ட், லியோபோல்டின் கொள்ளுப்பேரன் வழியில் வந்தவன் என்பது மூலக் கதை. லியோபோல்டோ கேட்டைக் கல்யாணம் செய்துகொள்கிறார். அப்படியானால் ஸ்டுவர்ட் இத்தனை நாள் காதலித்தது யாரை? முன்னோட்டக் காட்சிகளில் இது இருந்தது, பிறகு கத்தரித்துவிட்டார்கள். நானாக இருந்தாலும் கத்தரியைத்தான் எடுத்திருப்பேன், அதுவும் கைநடுங்க.

கேள்வி (புதுக்கோட்டை வாசகி): இடங்களைத் தப்பாகக் காட்டுவதைப் பற்றி எழுதுங்களேன். ஊர்க்காரர்களுக்கு மட்டும்தானே அது தெரியும்?

பதில்: ஊர்க்காரர்களுக்குத் தெரிந்தால் போதாதா? 1989இல் வந்த 'வென் ஹாரி மெட் சாலி' படத்தில் இருவரும் சிகாகோ பல்கலைக்கழகத்திலிருந்து காரில் நியூயார்க்குக்குக் கிளம்புகிறார்கள். பல்கலைக்கழகம் நகரின் தென்பகுதியில் இருக்கிறது. நியூயார்க் கிழக்கே. ஆனால் கார், நகரின் வடக்குப் பக்கம் ஏரிக்கரைச் சாலையில் ஓடுகிறது. கிண்டியிலிருந்து திண்டிவனம் போகிறவர் எண்ணூரில் நின்று டீ குடிப்பதுபோல. எதற்காக என்று கேட்டால், அங்கிருந்து பார்த்தால்தான் ஏரியும் வானளாவிய கட்டடங்களும் ஒரே சட்டத்தில் அழகாக விழும். ஒளிப்பதிவாளர் கேட்டிருப்பார், இயக்குநர் தலையசைத்திருப்பார். காருக்குள் நடக்கும் வாக்குவாதம் அவ்வளவு நன்றாக இருப்பதால் நானும் தலையசைக்கிறேன்.

'ஸ்லீப்லெஸ் இன் சியாட்டில்' (1993) இன்னும் வேடிக்கை. கதாநாயகர் குடியிருக்கும் படகு வீடு சியாட்டில் நகரின் லேக் யூனியன் என்ற நன்னீர் ஏரியில். அங்கிருந்து மகனோடு சின்ன மோட்டார் படகில் ஏறி அல்கி கடற்கரைக்குப் போய் விளையாடுகிறார். கதாநாயகி காரில் பின்தொடர்ந்து வந்து தூரத்திலிருந்து பார்க்கிறாள். ஏரி கடல்மட்டத்தைவிடச் சுமார் 20 அடி உயரத்தில் இருக்கிறது. படகு கடலுக்குப் போக வேண்டுமானால் பாலார்ட் மடைப்பூட்டுக்குள் நுழைய வேண்டும். 1917இல் திறக்கப்பட்ட பெரிய அமைப்பு அது. வாயிலை மூடி, தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக வடித்து, படகைக் கீழே இறக்கி, மறு வாயிலைத் திறப்பார்கள். அதற்குப் பிறகு வளைகுடாவைச் சுற்றிக்கொண்டு மேற்கு சியாட்டிலுக்குப் போக வேண்டும். அப்பாவும் மகனும் மடைக்குள் வரிசையில் காத்திருக்கும் காட்சியை யார் பார்ப்பார்கள்? ஏரியில் ஒரு ஷாட், கடலில் ஒரு ஷாட், நடுவே என் தொழில்.

கேள்வி (நாகர்கோவில் வாசகர்): 'லவ் ஆக்சுவலி' படத்தில் கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் இரவு பள்ளிக்கூடத்தில் விழா நடக்கிறது. எங்கள் ஊரிலேயே அன்றைக்கு விடுமுறை. லண்டனில் நடக்குமா?

பதில்: நடக்காது. அங்கும் அதற்குள் விடுமுறை விட்டிருப்பார்கள். சிதறிக் கிடக்கும் பாத்திரங்களையெல்லாம் ஒரே கூரைக்கு அடியில் கொண்டுவர எழுத்தாளருக்கு ஓர் இடம் தேவைப்பட்டது, பள்ளிக்கூடம் அகப்பட்டது. எனக்கு உறுத்துவது வேறு. படம் வந்தது 2003இல். 2001 செப்டம்பர் தாக்குதலுக்கு அப்புறம் விமான நிலையங்களில் பாதுகாப்புச் சோதனையைக் கடுமையாக்கியிருந்த சமயம். ஒரு பையன் காவலர்களை ஏமாற்றிவிட்டு லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில் விமானம் ஏறும் வாயில்வரை ஓடுகிறான், ஒரு முத்தத்தோடு திரும்பி வருகிறான். ஆனாலும் ஓடட்டும் என்றுதான் அரங்கில் எல்லாருக்கும் தோன்றுகிறது. மர்ச்சின் 51 அங்கே வேலை செய்கிறது.

கேள்வி (ஈரோடு வாசகர்): குற்றம் கண்டுபிடிப்பதற்காகவே படம் பார்ப்பீர்களோ?

பதில்: முதல் தடவை டிக்கெட் வாங்கிய எல்லாரையும்போலத்தான் பார்ப்பேன். முதல் தடவையே பிழை கண்ணில் பட்டால், அந்த இடத்தில் படம் தொய்கிறது என்று அர்த்தம்.

கேள்வி (காரைக்குடி வாசகி): காலத் தொடர்ச்சியை வேண்டுமென்றே உடைத்து அழகாகச் செய்த இடம் ஏதாவது?

பதில்: 'நாட்டிங் ஹில்' (1999). காதலி போன பிறகு ஹியூ கிராண்ட் லண்டன் போர்ட்டபெல்லோ சாலைச் சந்தைக்குள் நடக்கிறார். வெட்டே தெரியாது. ஒரே நடையில் வெயில், இலையுதிர்வு, மழை, பனி, மறுபடி வெயில் என ஓர் ஆண்டு போய்விடும். நடையின் தொடக்கத்தில் ஒரு கர்ப்பிணிப் பெண் தென்படுவாள். கடைசியில் அதே பெண் கையில் குழந்தையோடு நிற்பாள். பெரும்பாலோர் இதை இரண்டாம் முறைதான் கவனிக்கிறார்கள். கன்டின்யூட்டி பார்ப்பவர்களுக்கு இப்படி ஒரு நாள் வேலை கிடைத்தால் சம்பளம் இல்லாமலே வருவார்கள்.

கேள்வி (சென்னை வாசகர், வயது 22): உதவி இயக்குநராகச் சேர்ந்திருக்கிறேன். கன்டின்யூட்டியை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். அடுத்த வாரம் ஒரு வீட்டில் படப்பிடிப்பு, முழுக்கச் சாப்பாட்டு மேசைக் காட்சி. என்ன பார்க்க வேண்டும் ஐயா?

பதில்: சாப்பாட்டு மேசையா? நல்ல தொடக்கம்தான் தம்பி. ஒத்திகையின்போதே நடிகர்களிடம் பணிவாகச் சொல்லிவிடுங்கள்: எந்த வசனத்தில் வாயில் வைக்கிறார்களோ, எல்லா டேக்கிலும் அதே வசனத்தில் வைக்க வேண்டும். அனுபவசாலிகள் கொஞ்சமாகத்தான் எடுப்பார்கள். புதியவர்கள் முதல் டேக்கிலேயே நான்கு இட்லியை முடித்துவிட்டு மாலைவரை திண்டாடுவார்கள். சாம்பார், சட்னி எல்லாம் கூடுதலாக வைத்திருக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு டேக் முடிந்ததும் தட்டை மேலிருந்து ஒரு படம், கேமரா இருக்கும் உயரத்திலிருந்து ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். எடிட்டருக்கு உதவுவது இரண்டாவதுதான். தண்ணீர் டம்ளரின் வெளிப்பக்கத்தில் எந்த அளவுவரை நிரப்ப வேண்டும் என்று சின்னதாக ஒரு பேனாக் கோடு போட்டு, அந்தப் பக்கம் கேமராவுக்குத் தெரியாமல் திருப்பி வையுங்கள்.

இதையெல்லாம் செய்வதற்கு முன்னால், வீட்டுக்காரரிடம் கேட்டுக்கொண்டு சுவர்க் கடிகாரத்தின் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள்.